நலமென ஒலித்த இரும்பு

மேட்டுப் பங்களாவில் தனியாக வாழ்ந்த முதிய அம்மையார் ஒருவரைக் கட்டிப்போட்டுவிட்டு யாரோ பொருள்களை வாரிச் சென்றார்கள் என்னும் செய்தி ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு வந்து சேர்ந்த அன்று, என் கணவர் அந்த அம்மையாரைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "உங்க பெரியப்பா ஊட்டுப் பின்கதவுக்கு என்ன தாழ்ப்பாள் போட்டிருக்குது?" என்றுதான் கேட்டார். எண்ணிப் பார்த்தேன். தாழ்ப்பாள் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. சுவரில் அடித்த இரண்டு இரும்பு வளையங்களுக்குள் குறுக்காகச் செருகும் மரக்கட்டை ஒன்று இருந்தது. பகலில் அது அடுப்படி மூலையில் சாய்ந்து நிற்கும். இரவில் சில நாள் செருகப்படும். சில நாள் மறக்கப்படும்.

பெரியப்பா என் தந்தைக்கு மூத்தவர். காப்பித் தோட்டம் ஒன்றில் எழுத்தராக நெடுங்காலம் பணியாற்றியவர். மலையில் அவரை அறிந்த அனைவருக்கும் அவர் 'ரைட்டர்'. பணி முடிந்தபின் மாரமங்கலம் செல்லும் பாதையோரச் சரிவில் ஓட்டு வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டார். பெரியம்மா அந்த வீட்டில் சில ஆண்டுகளே வாழ்ந்து மறைந்தார். பிள்ளைகள் இல்லை. என் தந்தையும் மறைந்தபின் அவருக்கு நெருங்கிய உறவென்று மிஞ்சியவள் நான் ஒருத்தியே. எழுபதைக் கடந்த அந்த மனிதர் உலகத்திடம் கேட்டது ஒன்றுதான்: அந்த வீட்டில் தனியாக இருந்து அந்த வீட்டிலேயே கண்மூட வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளின் நடுவில் நிகழ்ந்தனவாக நான் இங்கு எழுதுவன எல்லாம் அந்த ஒரு விருப்பத்தைச் சுற்றியே நிகழ்ந்தன.

அடுத்த சனிக்கிழமை என் கணவர் ஒரு தச்சரை அழைத்துக்கொண்டு, கனத்த பையொன்றைத் தோளில் தொங்கவிட்டு மலைப் பேருந்தில் ஏறினார். நானும் உடன் சென்றேன். பெரியப்பா வாசலில் நின்று பையைப் பார்த்தார்.

"வாங்க மாப்ளே. என்னங்க இத்தாம்பெரிய மூட்டை? சீர் கொண்டாந்தீங்களா?"

"தாழ்ப்பாளுங்க மாமா. சன்னலுக்குக் கம்பியும் இருக்குது."

"என்ற ஊட்டுல திருடறதுக்கு என்னங்க இருக்குது? நொண்டி நாக்காலி ஒண்ணு கெடக்குது. அத எவனாச்சும் எடுத்துட்டுப் போனான்னா எனக்கு நொம்ப ஒத்தாசை."

"சிரிக்கிற விசயமில்லீங்க. அந்தம்மாளக் கட்டிப்போட்டிருக்கானுங்க."

பெரியப்பா அதன்பின் கேலி பேசவில்லை. மாலைக்குள் முன்கதவுக்கு மேலும் கீழும், பின்கதவுக்கு நடுவிலும், விரல் பருமனுள்ள இரும்புத் தாழ்ப்பாள்கள் ஏறின. சன்னல்களுக்குக் குறுக்குக் கம்பிகள் வந்தன. வேலை முடிந்ததும் என் கணவர் கதவுகளைச் சாத்தித் தாழிட்டு, வெளியே நின்று தோளால் முட்டிப் பார்த்தார். கதவு அசையவில்லை. திரும்பும் வழியில், வளைவுகளில் பேருந்து சாயும்போதெல்லாம் சாய்ந்துகொண்டே அவர் நிம்மதியாக உறங்கினார்.

கள்வர் வரவில்லை. வந்தது மழை. மழைக்குப்பின் முற்றத்துப் படிக்கல்லில் பாசி படர்ந்தது. பெரியப்பா அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அப்பொழுது அவரைத் தூக்கி எடுத்தவர் கீழ்வீட்டு உபதேசியார். மாதா கோயிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து வந்த அவர், நாள்தோறும் காலையில் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சுற்று மேலேறி வந்து, பெரியப்பாவிடம் பாலில்லாக் காப்பி ஒரு குவளை வாங்கிக் குடித்து, அதைத் திட்டிவிட்டுப் போவது வழக்கம். அன்றும் திட்டுவதற்காக வந்தவர்தாம் கண்டார்.

கட்டுப்போட்ட கையோடு அமர்ந்திருந்தவரிடம் நான் கண்டிப்பாகவே பேசினேன். "போதும் பெரியப்பா. எங்களோட சேலத்துக்கு வந்துருங்க. முன்னறை சும்மாத்தான் கெடக்குது."

"கை தான கண்ணு ஒடஞ்சுது? காலு நல்லாத்தான இருக்குது?"

"அடுத்த தடவை காலு ஒடையும். உபதேசியார் வராத நாளாப் பாத்து ஒடையும். அப்ப என்ன செய்வீங்க?"

அவர் முற்றத்தைப் பார்த்தார். முற்றத்தில் சில்வர் ஓக் மரம் ஒன்று நின்றது. அதன் தாழ்ந்த கிளையில், முழ நீளமுள்ள பழைய தண்டவாளத் துண்டொன்று சங்கிலியில் தொங்கியது. தோட்டத்தில் காலையில் ஆட்களை எழுப்பி வேலைக்கு அழைக்க, அவர் பணிக்காலம் முழுவதும் தம் கையால் அடித்த இரும்பு அது. தோட்டத்துக்கு மின்சாரச் சங்கு வந்தபின் பழைய இரும்போடு எறியப்பட்டதைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். அவர் அடிக்கும் முறை தனி. இரண்டு அடி நிதானமாக விழும். மூச்சு விடும் நேரம் இடைவெளி. பிறகு ஓங்கிய ஓரடி. வேறு யாரையும் அடிக்க விட்டதில்லை. அந்த ஒலிக்கு எழுந்து ஓடிப் பழகிய குடும்பங்கள் சரிவெங்கும் இருந்தன.

"சரி, ஒண்ணு சொல்றேன், கேளு," என்றார். "தெனமும் காத்தால எந்திரிச்சதும் அத அடிக்கிறேன். சத்தம் வந்துச்சுன்னா நா எந்திரிச்சு நடமாடறேன்னு அர்த்தம். ஒரு நாளு சத்தம் வரலீன்னா உபதேசியாரு வந்து பாக்கட்டும். அன்னிக்கே மூட்டயக் கட்டிக்கிட்டு உம் பின்னால வந்தர்றேன் சாமி. ஒரு வார்த்த பேசமாட்டேன்."

அருகில் நின்ற உபதேசியார் சிரித்தார். "ஏனுங்க ரைட்டரே, வேலைய விட்டும் எங்கள எழுப்பறத விடமாட்டீங்களாட்ட இருக்குதே?"

"எந்திரிக்காதவிங்களுக்கு அரைநாள் சம்பளம் வெட்டுவேனுங்க."

உடன்பாடு அவ்வாறு ஆயிற்று. இரு தரப்புக்கும் அது நேர்மையானதாகவே தோன்றியது. பனிமூட்டம் கவிந்த நாள்களில் அடுத்த வீட்டு விளக்கே தெரியாத சரிவில் கண்ணால் காணும் அடையாளம் எதுவும் பயன்படாது. ஒலி மட்டும் பனியைத் துளைத்துச் செல்லும்.

இரும்பு நாள் தவறாமல் ஒலித்தது. நான் மாதம் ஒருமுறை மேலே செல்வேன். கோயிலருகே உபதேசியாரின் மனைவியைக் கண்டால் பெரியப்பாவின் நலம் கேட்பேன்.

"நம்ம ரைட்டரு நல்லா இருக்காருங்க. இன்னிக்குக் கூடக் காத்தால அடிச்சாரு."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"பாக்கறதுக்கு என்னங்க கெடக்குது? அதான் கேட்டுச்சே!"

அந்த மறுமொழியில் குறையேதும் இருப்பதாக அப்பொழுது எனக்குப் படவில்லை. உபதேசியாருக்கு முழங்கால் வலி இருந்தது. முன்பெல்லாம் ரைட்டர் எப்படி இருக்கிறாரோ என்ற எண்ணமே அவரை மேட்டில் ஏற்றியது. ஒலி வந்தபின் ஏறத் தேவையில்லாமல் போயிற்று. அவர் குறுக்குப் பாதையாகக் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். சரிவின் மறுபுறத்திலிருந்து பலாப்பழமும் அவரைக்காயும் கொண்டுவந்து தந்துவிட்டு ஒரு நாழிகை பேசிச் செல்லும் பழைய தோட்டத்து ஆட்களும் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். அவர்கள் யாருக்கும் அன்பு குறைந்துவிடவில்லை. காலையில் ஒலியைக் கேட்கும்போது, போய்ப் பார்த்துவிட்டு வந்ததைப் போன்ற நிறைவு அவர்களுக்கு உண்டாயிற்று. எனக்கும் உண்டாயிற்று. நான் பணியாற்றிய பள்ளியில் விடுப்புக் கிடைக்காத ஒரு மாதத்தில், மலையிலிருந்து வந்த ஒருவரிடம் கேட்டு, இரும்பு ஒலிக்கிறதென்று அறிந்து, நான் போகாமலே இருந்தேன்.

நாள்தோறும் அந்த வீட்டு வாசலுக்கு வந்த மனித முகம் இறுதியில் ஒன்றே ஒன்றாயிற்று. அது பால் கொண்டுவரும் பெண்ணுடையது. அந்தத் தோட்டத்து லயன் வீடொன்றில் கூலிக்காரருக்குப் பிறந்தவள். சரிவுக்கு அப்பால் வாழ்க்கைப்பட்டு, இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு பிழைத்தவள். அவளுக்கும் பெரியப்பாவுக்கும் இடையே நடந்ததை நான் பின்னரே அவள் வாயால் அறிந்தேன். எனினும் நடந்த வரிசையிலேயே சொல்லுதல் முறை.

மணிக்கட்டு தேறியபின் அடுத்த குளிர்காலத்தில் பெரியப்பாவின் கால்கள் தளர்ந்தன. வீட்டுக்குள் சுவரைப் பற்றிக்கொண்டு நடக்க முடிந்தது. படி இறங்கி, ஈர மண்ணைக் கடந்து மரத்தடிக்குப் போவதுதான் பெரும்பாடாயிற்று. ஒருநாள் பால்காரப் பெண் வந்தபோது அவர் குடையொன்றைத் தரையில் ஊன்றிப் படியருகே நின்றிருந்தார்.

"ஏனுங்கய்யா, குடையோட நிக்கறீங்க? மழையக் காணமே."

"வெயிலுக்குப் புடிக்கலாமுன்னு."

"வெயிலயுங் காணமுங்களே."

அவர் சிரிக்க முயன்றார் என்றும், சிரிப்பு வராமல் படியிலேயே அமர்ந்துவிட்டார் என்றும் அவள் சொன்னாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாராம்: "ஏம்மா, அந்த இரும்ப நீ ஒரு தட்டுத் தட்டிட்டுப் போறியா? நா அடிக்கற மாதிரியே?"

"அய்யா அடிக்கறத நானு எங்கம்மா வவுத்துல இருக்கையிலயே கேட்டவளுங்க. நானு அடிச்சா, செத்துப்போன எங்கம்மாளே எந்திரிச்சு வேலைக்கி ஓடியாந்துரும்."

"யாருகிட்டயும் சொல்லக்கூடாது. கீழ்வீட்டுலயும் சொல்லக்கூடாது. தெரிஞ்சுதுன்னா புள்ள வந்து என்னக் கூட்டிட்டுப் போயிரும்."

அவள் தயங்கவில்லை. தன் தாயையும் அண்ணன்மார் அவ்வாறே நன்மை கருதி மலையடிவாரக் குப்பனூர்ப் பக்கம் தங்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்றதையும், அடுத்த மழை தொடங்குமுன் அந்தத் தாய் உயிரற்றவளாக மலையேறி வந்ததையும் அவள் மறக்கவில்லை. பால் செம்பை வாசலில் வைத்துவிட்டு மரத்தடிக்குப் போய் அடித்தாள். இரண்டு அடி நிதானமாக, மூச்சளவு இடைவெளி, பிறகு ஓங்கிய ஓரடி. பெரியப்பா கண்களை மூடிக் கேட்டாராம். "அடிப்பாவி, இத்தன வருசமா எனக்கே தெரியாம எங்கையத் திருடி வெச்சிருக்கறயே!" என்றாராம். கீழ்வீட்டில் உபதேசியாரின் மனைவி அன்றும் ரைட்டர் எழுந்துவிட்டார் என்று அடுப்பு மூட்டினார்.

இதன்பின் ஒருமுறை நான் சென்று ஓரிரவு தங்கினேன். பெரியப்பா நாற்காலியை விட்டு அதிகம் எழவில்லை. முதுகு பிடித்துக்கொண்டதாகச் சொன்னார். அவர் உணவின் அளவு குறைந்திருந்தது. குளியலறைக்கும் அடுப்படிக்கும் நடுவிலிருந்த சிமெண்டுத் தரை எப்பொழுதும் ஈரமாக இருப்பதைக் கண்டு சாக்கொன்றை மடித்துப் போட்டேன். காலையில் கண்விழித்தபோது அவர் படுக்கை வெறுமையாக இருந்தது. வெளியே பனி நிறைந்திருந்தது. அதற்குள்ளிருந்து அந்த மூன்று அடிகளும் கேட்டன. நான் இருப்பதால் அன்று பால்காரப் பெண்ணிடம் விட இயலாமல் அவரே போயிருக்கிறார். அவர் திரும்பி உள்ளே வர நெடுநேரமாயிற்று. வந்தபோது முழங்கால்களில் மண் ஒட்டியிருந்தது. செடிக்கு மண் அணைத்ததாகச் சொன்னார். சேலத்துக்குத் திரும்பிய என்னிடம் என் கணவர் கேட்டபோது, "நல்லாத்தான் இருக்காரு, தானே போய் அடிக்கிறாரு," என்றேன்.

அவ்வாண்டு அக்டோபர் வந்தது. கத்தோலிக்கருக்கு அது செபமாலை மாதம். பெரியப்பா அம்மாதத்தில் விடியலில் வழக்கத்தினும் நீண்ட நேரம் செபமாலை சொல்வார். சொல்லும்போது யார் அழைத்தாலும் வாய் திறவார். கடவுளோடு பேசுகையில் குறுக்கே மனிதருக்கு மறுமொழி சொல்வது மரியாதைக் குறைவென்பது அவர் கொள்கை. மலையில் அவரை அறிந்தவர்கள் இதனையும் அறிவார்கள். செபமாலை முடியட்டும் என்று வாசலில் காத்திருப்பார்கள், அல்லது வந்த வேலையை முடித்துக்கொண்டு போவார்கள்.

ஐப்பசி மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு வைகறையில், வெந்நீர் வைக்க எழுந்தவர் அந்த ஈரத் தரையில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அசைய முடியவில்லை. கதவுகள் மூன்று தாழ்ப்பாள்களோடும் உட்புறம் பூட்டியிருந்தன. சன்னல்கள் மழைக்காகச் சாத்தியிருந்தன. விடிந்ததும் பால்காரப் பெண் கோணிப்பையைத் தலைக்குக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வந்தாள். "அய்யா! பாலுங்க!" என்று அழைத்தாள். அடுப்படிக்கு மேலிருந்த தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டிருந்தது. பெரியப்பா உள்ளிருந்து மறுமொழி சொன்னார். ஒருமுறை அல்ல, பலமுறை சொன்னார். தரையில் கிடந்த முதியவரின் குரல் அந்தத் தகரத்தைத் தாண்டவில்லை.

மறுமொழி வராதபோதும் அவள் அஞ்சவில்லை. செபமாலை மாதம், அய்யா மாலை சொல்கிறார். பால் செம்பைச் சன்னல் மாடத்தில் வைத்து, மேலே தட்டொன்றைக் கவிழ்த்தாள். பிறகு மரத்தடிக்குப் போய், அவர் கேட்டுக்கொண்டபடியே, ரைட்டர் நலமாக எழுந்து நடமாடுகிறார் என்று மலைச்சரிவு முழுவதற்கும் அடித்து அறிவித்துவிட்டுச் சென்றாள்.

அன்று பகல் முழுவதும் அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை. வரவேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

மறுநாட் காலையில் பால் திரிந்து செம்பிலேயே இருப்பதைக் கண்டபின் அவள் அலறினாள். கதவில் மோதினாள். இறங்கி ஓடி உபதேசியாரை அழைத்து வந்தாள். அவரும், தோட்டத்து ஆட்கள் இருவரும் முன்கதவையும் பின்கதவையும் மாறிமாறி முட்டினார்கள். என் கணவர் தேர்ந்தெடுத்த தாழ்ப்பாள்கள் தம் வேலையைச் செவ்வனே செய்தன. இறுதியில் ஒருவன் கூரையேறி ஓடுகளைப் பிரித்து உள்ளே குதித்தான். பெரியப்பா கண் திறந்தபடி கிடந்தார். தோட்டத்து ஜீப் ஒன்றில் கிடத்தி அவரைச் சேலத்துக்குக் கொண்டுவந்தார்கள்; பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் செய்தி வந்து நான் மருத்துவமனைக்கு ஓடியபோது, ஈரம் உலராத அதே வேட்டியில் இருந்தார்.

இரண்டு நாள் சென்றபின்னரே அவரால் தொடர்ந்து பேச முடிந்தது. நானும் என் கணவரும் அருகில் இருந்தோம். மலையிலிருந்து முதல் பேருந்தில் வந்திருந்த உபதேசியாரும் பால்காரப் பெண்ணும் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்கள். அவள்தான் நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே சொல்லி முடித்தாள்.

என் கணவர் கடுமையாகக் கேட்டார்: "அவரு பேசலீன்னு தெரியுது. அப்பறமும் ஏம்மா போய் அடிச்ச?"

"மாலை சொல்றாருன்னு நெனச்சனுங்க. அடிக்கலீன்னா அய்யாவக் கூட்டிட்டுப் போயிருவீங்களேன்னுதானுங்க அடிச்சேன்."

"அவளத் திட்டாதீங்க மாப்ளே," என்றார் பெரியப்பா. "நாஞ் சொன்னத அவ செஞ்சா. சுத்தமா அடிச்சா. கீழ கெடந்து கேட்டுக்கிட்டிருந்தேன். ரைட்டரு நல்லா இருக்காருன்னு அது ஊரு பூராவும் சொல்லுது. நா இங்கிருந்து, இல்லீங்க, இல்லீங்கன்னு கத்தறேன்." சற்று மூச்சு வாங்கினார். "அப்பறம் கீழ்வீட்டுல நாய் கொரச்சுது. உபதேசியாரு கோயிலுக்குக் கெளம்பறாருன்னு தெரிஞ்சுது. குறுக்கு வழியில எறங்கற சத்தங்கூடக் கேட்டாப்புடி இருந்துச்சு."

உபதேசியார் கட்டிலின் இரும்பைப் பற்றிக்கொண்டார். "கேட்டுச்சுங்களே ரைட்டரே. கேட்டுச்சுன்னு இருந்துட்டனுங்களே."

மறைக்கல்வி சொல்லி எத்தனையோ பேரைத் தேற்றிய அந்த மனிதர், தம்மைத் தேற்றச் சொல்லொன்றும் இன்றி, வெளியே தாழ்வாரத்துக்குப் போய் நின்றார்.

மற்றவர்கள் சென்றபின் பெரியப்பா என்னை அருகில் அழைத்தார். முகத்தில் பழைய கேலியின் சாயல் ஒரு கணம் வந்தது. "சத்தம் வந்துச்சு கண்ணு. நம்ம பேச்சுப்படி பாத்தா நா உங்கூட வரவேண்டியதில்ல."

"பெரியப்பா..."

"வர்றேன், வர்றேன். இனி எங்க போறது?"

சேலத்தில் எங்கள் முன்னறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தோம். ஓர் அறைக்குள் நடக்கும் அளவுக்கு, நான்கு கால் கொண்ட ஊன்றுகோலின் துணையால் அவர் தேறினார். வீட்டைப் பாதுகாப்பாக்குவதில் என் கணவர் இம்முறை எதையும் விட்டுவைக்கவில்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் குழாயொன்றைச் சுவரோடு பொருத்தினார். வழுக்காத தரைவிரிப்பு வாங்கினார். கட்டிலின் உயரத்தைக் குறைத்தார். நானும் என் கணவரும் வேலைக்கும் எங்கள் மகள் பள்ளிக்கும் சென்றுவிடும் பகலில், அவர் தள்ளாடி வந்து கதவைத் திறந்து மீண்டும் விழுந்துவிடக் கூடாதே என்று, வெளியே பூட்டிக்கொண்டு போவதென முடிவு செய்தோம். அண்டை வீடு இரண்டும் பகலில் பூட்டியிருப்பவை. சாவியை யாரிடமும் கொடுக்க வழியில்லை. உணவை அடுக்குப் பாத்திரத்தில் கட்டிலருகே வைத்தோம். தண்ணீர், மருந்து, ஒரு வானொலிப் பெட்டி, செபமாலை எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. மாலையில் திரும்பும்போது அவர் அனைத்தையும் வைத்த இடத்திலேயே வைத்திருப்பார்.

அவர் குறை சொல்லவில்லை. மலை வீட்டைப் பற்றி ஒரே ஒருமுறை கேட்டார்: பிரித்த ஓடுகளைத் திரும்ப வேய்ந்தாயிற்றா என்று. வேய்ந்தாயிற்று என்றேன். தலையசைத்தார். அதன்பின் மலையைப் பற்றிய பேச்சை நாங்கள் எடுத்தாலும் அவர் தொடர்ந்ததில்லை. கேலிப் பேச்சும் நின்றது. அதை ஓய்வென்றே மருத்துவர் முதல் என் கணவர் வரை அனைவரும் கொண்டார்கள். எடை கூடியிருக்கிறது என்று மருத்துவர் மகிழ்ந்தார்.

கோடைத் தேர்வு தொடங்கிய ஒருநாள் எனக்கு அரைநாளோடு பணி முடிந்தது. நண்பகல் வெயிலில் வீடு திரும்பினேன். தெருவில் நடமாட்டம் இல்லை. எங்கள் வாசலில் மின்சாரக் கணக்கெடுப்பவர் நின்று, பூட்டைக் கவனியாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் வெளிவாசல் கம்பிக்கதவைத் திறக்குமுன் உள்ளிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது. தெளிவான, மரியாதை குறையாத, எழுத்தர் ஒருவர் வந்தவருக்கு மறுமொழி சொல்லும் குரல்.

"ஊட்டுல யாரும் இல்லீங்க. எல்லாரும் சாயங்காலந்தான் வருவாங்க."

கணக்கெடுப்பவர் திரும்பி என்னைக் கண்டார். "ஏனுங்க்கா, ஊட்டுல யாருமில்லீன்னு உள்ள ஒருத்தர் சொல்றாருங்க," என்று சிரித்தார்.

நான் பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன்.